டி-ஷர்ட் விலையில் சேராத செலவு: திருப்பூர்க் கணக்கு எப்படிப் போடுவது?

அவிநாசி வாசகர்:
முதலாளித்துவ உற்பத்தி மண்ணையும் உழைப்பாளியையும் ஒருசேர உறிஞ்சித்தான் வளர்கிறது என்பது மார்க்ஸ் 1867-லேயே வைத்த வாதம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதை ஒரே ஒரு டி-ஷர்ட்டை வைத்து விளக்கலாம் என்றிருக்கிறோம். சுரண்டல், சூழல் சீரழிவு என்று பொதுவாகப் பேசினால் பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறவர்களே கொட்டாவி விடுகிறார்கள். விலையில் சேராமல் அடுத்தவர் தலையில் விழுகிற செலவைக் கிலோவிலும் ரூபாயிலும் காட்ட முடியுங்களா? சாயம், கூலி, நிலம் மூன்றுக்கும் வேண்டும்.

சாயக்கணக்கு:
உப்பில் ஆரம்பிங்க. காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதிவினையில் ஒட்டுகிற சாயம்) போடும்போது ஓரளவு அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வையுங்கள். வெளிர் நிறத்துக்குக் குறையும், கறுப்புக்கு 80 வரை போகும். துணிக்கும் தண்ணிக்கும் 1:8 விகிதம் என்றால் கிலோ துணிக்கு 8 லிட்டர், அதில் 480 கிராம் உப்பு. டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி பிடித்தால் உப்பு மட்டும் 96 கிராம். சாயத்தை நூல் பக்கம் தள்ளிவிடுவதோடு உப்பின் சோலி முடிந்தது. துணியில் அது தங்குவதில்லை, அத்தனையும் கழிவுத்தண்ணியில்தான் போகும். ஒட்டாத சாயமும் கூடவே போகும்.

1992-ல் நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியானது இப்படித்தான். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு என்பது பேச்சளவைத் தாண்டியது.

ஆனால் அதோடு கணக்கை மூடிவிடாதீங்க. ஆர்.ஓ. என்கிற சவ்வு வடிகட்டியில் 85 முதல் 90 சதம் தண்ணி திரும்பும். மிச்ச உப்புக்கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சியாக வேண்டும். அதற்கு நீராவி, நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு விறகோ நிலக்கரியோ. நொய்யலில் விட்டதில் ஒரு பங்கு இப்போது புகைபோக்கி வழியாகப் போகிறது. இன்னொரு சிக்கல்: ஒரே பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு பட்டறை கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) இன்னொன்று சாதா உப்பும் போட்டு அனுப்பினால், கடைசியில் இரண்டும் கலந்த உப்புதான் கிடைக்கும். அதைத் திரும்பச் சாயத்துக்குப் போட முடியாது, வாங்கவும் ஆளில்லை. மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கி வைக்கிறார்கள். தார்ப்பாய் கிழிந்தால் அடுத்த மழைக்கு அந்த உப்பும் மண்ணுக்குத்தான்.

ஷிப்ட் நோட்டு:
கூலிப் பக்கம் ‘ஒன்றரை ஷிப்ட்’டை எடுத்தாலே போதும். கணக்குக்காக 8 மணி நேர ஷிப்ட்டுக்கு 500 ரூபாய் என்று வைப்போம். 12 மணி நேரம் செய்தால் 750 கொடுப்பார்கள். அதாவது கூடுதல் 4 மணி நேரத்துக்கும் ஒற்றைக் கூலிதான். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி, நாளைக்கு 9 மணி நேரத்தைத் தாண்டிய மிகைநேரத்துக்கு இரட்டிப்பு. மணிக்கு 62.50 என்றால் 9 மணி நேரத்துக்கு 562.50, மீதி 3 மணி நேரத்துக்கு 375. ஆக 937.50. நாளைக்கு 187.50 ரூபாய் விடுபடுகிறது.

கூலிக்கணக்கர்:
மேலே உள்ளது குறைவு. நாளைக்கு 9 மணி என்பதோடு வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பும் அதே பிரிவில் இருந்தது. ஆறு நாளும் 12 மணி என்றால் 72. அதில் 24 மணி மிகைநேரம். 3,000-மும் 3,000-மும் சேர்த்து 6,000 வரவேண்டும். சனிக்கிழமை கையில் வருவது 4,500. வாரத்துக்கு 1,500 ரூபாய் துண்டு. மிகைநேரம் சேர்த்தே வாரம் 60 மணியைத் தாண்டக்கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னதால் 72 மணி என்பதே அதற்குப் புறம்பு. அது வேறு வழக்கு.

பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், இந்தத் துண்டே கண்ணுக்குத் தெரியாது. நேரத்தைப் பதிவு செய்வதில்லை, காண்ட்ராக்ட்காரர் பெயரில் ஆள் இருப்பதால் இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் விட்டுப்போகும். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதம், பி.எஃப்.புக்கு 12 சதம். இதையும் விடுபட்ட கூலியாகவே எழுதுங்கள்.

சோமனூர் தறி:
முதலாளி, தொழிலாளி என்று இரண்டே கட்டம் போட்டால் இந்த ஊர்க் கணக்கு வராதுங்க. கூலித்தறிக்காரருக்குப் பாவு நூலையும் (நீளவாக்கு நூல்) ஊடை நூலையும் (குறுக்கு நூல்) கொடுப்பது ஜவுளி உற்பத்தியாளர். மீட்டருக்கு இத்தனை பைசா என்று ரேட்டை முடிவு செய்வதும் அவர்தான். கரண்ட் பில், ஷெட் வாடகை, உதிரி பாகம், தறி ஓட்டுகிறவருக்கு அட்வான்ஸ், எல்லாம் தறிக்காரர் தலையில். சாயப்பட்டறையும் கிலோவுக்கு ஜாப் ஒர்க் ரேட்தான். பாய்லர் விறகு விலை ஏறினாலும் வெளிநாட்டுக்காரன் பேசின பீஸ் விலை ஏறாது. அதனால் யார் விலை சொல்கிறார்கள், யார் செலவைச் சுமக்கிறார்கள் என்று அட்டவணையில் இரண்டு பத்தி போடுங்க.

மேட்டாங்காட்டான்:
நிலத்துக்கு என் பங்கு. வெளியே விடுகிற கழிவுத்தண்ணியில் கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது அனுமதித்த வரம்பு. அந்த வரம்புக்குள் இருக்கிற தண்ணியையே ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால், அது சுமார் 202 கன மீட்டர். ஒரே பாசனத்தில் 425 கிலோ உப்பு காட்டில் இறங்கும். தென்னை ஓரளவு தாங்கும், மஞ்சள் தாங்காது.

சோடியம் களிமண்ணைப் பிரித்துவிடும். மேல் மண் இறுகிப் பாளம் பாளமாகும், தண்ணி உள்ளே இறங்காது. ஜிப்சம் போடச் சொல்வார்கள். ஜிப்சத்தின் சுண்ணாம்புச்சத்து சோடியத்தைக் கிளப்பிவிடும், சரி. கிளப்பினதை வேருக்குக் கீழே கழுவி இறக்க நல்ல தண்ணி வேண்டுமல்லவா? கிணறே உப்பாக இருந்தால் ஜிப்சம் காசு வீண். நல்ல வடிகால் உள்ள காட்டில், மழைக்கு முன்னால் போட்டு வரப்பைக் கட்டித் தண்ணியை நிறுத்தினால்தான் பலன்.

அவிநாசி வாசகர்:
ஜிப்சம் செலவை எந்தப் பத்தியில் எழுதுவது?

மேட்டாங்காட்டான்:
சுமப்பவர் பத்தியில். கூடவே கிணற்றுத் தண்ணிப் பரிசோதனையும் வையுங்க. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணியால் பாட்டிலைக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் பிடித்துக் கொடுக்க வேண்டும். உப்பளவு மட்டும் கேட்காமல் சோடிய விகிதமும் (கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பது) கேளுங்கள். அதுவும் மண் பரிசோதனையும் இல்லாமல் ஜிப்சம் எத்தனை மூட்டை என்று எவராலும் சொல்ல முடியாது.