போக்கிமான் ஸ்பெஷல் மாங்கா: கேமைவிட நல்லா வந்த கேரக்டர் டிசைன் எது?

கோடுகிறுக்கி:
கேமை வச்சு வந்த மாங்காக்கள்ல (ஜப்பானிய காமிக்ஸ்) பெரும்பாலும் கேம் பெட்டியில இருக்கிற படத்தையே நகலெடுத்துடுவாங்க. போக்கிமான் ஸ்பெஷல் அப்படியில்லை. சிலரை மாத்தியிருக்காங்க, சிலரைப் புதுசாவே உருவாக்கியிருக்காங்க. உங்களுக்குப் பிடிச்ச டிசைன் எது, ஏன்? "மாஸ்", "கூல்"னு நிறுத்தாம, டிசைன்ல எந்த இடம் வேலை செய்யுதுன்னு சொல்லுங்க.

கேக்குறதுக்குக் காரணம் இருக்கு. ரெட், யெல்லோ, ரூபி, எமரால்டு நாலு பேரையும் ஒரே பக்கத்துல கறுப்பு வெள்ளையில வரையப்போறேன். கலர் படத்தை கிரேஸ்கேலாக்கினா ரெட்டோட ஜாக்கெட்டும் தலைமுடியும் ஒரே இருட்டாப் போயிடுது, யெல்லோ காகிதத்தோட கரைஞ்சுடுது. அதுக்கும் வழி சொல்லுங்க. ஸ்பாய்லர் பரவாயில்லை.

மைக்கூடு:
என் ஓட்டு ரூபிக்கு. காரணம் அந்தத் தொப்பி.

2002இல் ரூபி, சஃபையர் கேம்கள் வந்தபோது, அந்தப் பையன் தலையில் இருப்பது வெள்ளைத் தொப்பியா, வெள்ளை முடியா என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கேமின் ஓவியர் கென் சுகிமோரி வரைந்த படத்திலேயே அது கூர்கூராக மேலெழுந்த முடி போலத்தான் தெரியும். கேம் பாய் அட்வான்ஸின் சின்னத் திரையில் கேட்கவே வேண்டாம். 2014இல் வந்த மறுஆக்கத்தில் தொப்பியின் கீழே முடி நன்றாகத் தெரியும்படி திருத்திவிட்டார்கள்.

மாங்கா அதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் குழப்பத்தைக் கதையாக்கிவிட்டது. சிறு வயதில் சஃபையர் என்ற சிறுமியைக் காப்பாற்றப் போய், சாலமென்ஸ் என்ற போக்கிமான் தாக்கியதில் ரூபியின் நெற்றியில் தழும்பு. அதை மறைக்கத்தான் தொப்பி. அழகு அழகு என்று அலைகிற, போட்டிமேடைக்கு உடை தைக்கிற பையன் ஏன் தொப்பியைக் கழற்றுவதே இல்லை என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. கதாசிரியர் குசாகா செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்பேன்.

வரையும்போது கவனிக்க வேண்டியது தொப்பி விளிம்பு. விளிம்புக்குக் கீழே நெற்றியில் மெல்லிய நிழல் ஒன்று விழ வேண்டும், காதோரம் தெரியும் முடியை முழுக் கறுப்பாக நிரப்ப வேண்டும். இந்த இரண்டையும் விட்டால் உங்கள் ரூபியும் நரைத்த தலையோடு நிற்பான். நிழலுக்கு 10 சதவீத டோன் (புள்ளிகளால் சாம்பல் நிறம் காட்டும் தாள்) போதும், 30 போட்டால் கண்ணுக்கு மேல் கறை மாதிரி இருக்கும்.

டோன்தாள்:
கிரேஸ்கேல் சிக்கலுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். நீங்க செய்றது தப்பில்லை, கணக்கு அப்படி. வழக்கமான கிரேஸ்கேல் மாற்றத்துல சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 எடை. அதனால அசல் சிவப்பு 255ல் 76 ஆயிடும். மஞ்சள்ல சிவப்பும் பச்சையும் சேர்ந்து இருக்கிறதால 226, கிட்டத்தட்ட வெள்ளை. ரெட்டோட கறுப்பு முடியும் சிவப்பு ஜாக்கெட்டும் ஒட்டிக்கிறதும், யெல்லோ காணாமப் போறதும் இதனாலதான்.

ஆக, நிறத்தை மாத்தாதீங்க, பங்கு பிரிங்க. ஒருத்தருக்கு மூணு படி மட்டும்: வெள்ளை, ஒரு டோன், முழுக் கறுப்பு. பழைய ரெட்டுக்கு முடியும் உள்சட்டையும் கறுப்பு, ஜாக்கெட் 60 வரியில (அங்குலத்துக்கு 60 புள்ளி வரிசை) 20 சதவீதம், அரைக்கை வெள்ளை. அந்த வெள்ளைக் கைதான் அவனைத் தூரத்துலயே காட்டிக்கொடுக்கும், அதுல டோன் ஒட்டாதீங்க. யெல்லோவோட முடிக்கு எதுவும் வேண்டாம். பின்னணிக்கு 40 சதவீதம் போடுங்க, தானா வெளியே வரும். வைக்கோல் தொப்பிக்கு 10.

தொப்பின்னதும் ஒண்ணு. பின்னல் கோட்டைத் தொப்பி முழுக்க இழுக்காதீங்க. விளிம்போட அடிப்பக்கம், நிழல் விழுற இடம், கொஞ்சம் உச்சியில, அவ்வளவுதான். கோடுகளுக்கு நடுவுல 0.3 மில்லிமீட்டருக்குக் குறைஞ்சா சின்னதாக்கும்போது அடைச்சுக்கும்.

பிடிச்ச டிசைனும் யெல்லோதான். கேம்ல இப்படி ஒரு ஆளே கிடையாது. யெல்லோ பதிப்பு கேமுக்காக மாங்காவுல உருவான கேரக்டர். பொண்ணுங்கிறது தெரியாம இருக்க, உள்ளே குதிரைவால் முடியை ஒளிச்சு வைக்க ஒரு பெரிய தொப்பி, அதைக் கொடுத்ததே ப்ளூ. அந்தத் தொப்பி கழண்டு விழுந்தா என்ன ஆகும்னு வாசகனை ஒரு பகுதி முழுக்கக் காக்க வைக்குது. தொப்பியோட குமிழைத் தலை அளவுக்கு மட்டும் வரைஞ்சா முடி எங்கே போச்சுன்னு கேள்வி வரும். மண்டைக்கு மேலே ரெண்டு விரல் இடமாவது காலியா விடுங்க.

அரைநிழல்:
எந்த ப்ளூ என்று சொல்லிவிடுங்கள், புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவார்கள். ஜப்பானியப் பதிப்பில் ப்ளூ பெண், க்ரீன் ரெட்டின் போட்டியாளன். ஆங்கிலப் பதிப்பில் பெயர்கள் தலைகீழ். இந்த இழையில் எல்லோரும் ஜப்பானியப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

எனக்கு அந்த ப்ளூதான். 1996 கேமுக்கான ஓவியத்தில் ஒரு பெண் நிற்பாள், கேமில் அவளாக விளையாட வழியில்லை. மாங்கா அவளை எடுத்து, ஆளை ஏமாற்றிக் காசு பார்க்கும் கைகாரியாக்கியது. கையில்லாத கறுப்பு உடை, நீண்ட முடி. பக்கத்தில் எங்கே இருந்தாலும் கண் முதலில் அங்கே போகும், ஏனென்றால் உடம்பு முழுவதும் ஒரே கறுப்பு. பின்னர் ஃபயர்ரெட், லீஃப்க்ரீன் பகுதியில் புது கேமுக்கு ஏற்ற உடை வந்தது. கலரில் அழகுதான், கறுப்பு வெள்ளையில் பழையதில் பாதிகூட இல்லை. இதில் சண்டைக்கு வர விரும்புகிறவர்கள் வரலாம்.

கோடுகிறுக்கிக்கு ஓர் எச்சரிக்கை. முதல் 9 தொகுதிகள் மாட்டோ வரைந்தவை, 10ஆவதிலிருந்து சதோஷி யமாமோட்டோ. மாட்டோவின் ஆட்கள் உருண்டைத் தலை, குட்டி உடம்பு. யமாமோட்டோவின் கோடு கூர்மையானது. ரெட்டையும் யெல்லோவையும் முன்னவரிடமிருந்தும் மற்ற இருவரைப் பின்னவரிடமிருந்தும் எடுத்தால், ஒரே பக்கத்தில் இரண்டு குடும்பம் நிற்கும். எமரால்டு பகுதியின் கடைசியில் நீங்கள் கேட்ட நால்வரையும் யமாமோட்டோவே வரைந்திருக்கிறார். உடல் அளவை அங்கிருந்து எடுங்கள். ரெட்டின் உடை அதற்குள் மாறியிருக்கும், பழைய ஜாக்கெட் வேண்டுமென்றால் அதை மட்டும் முதல் தொகுதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்கூடு:
ப்ளூவின் கறுப்பு உடை பற்றிச் சண்டைக்கு வரவில்லை. முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

எமரால்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நால்வரில் வரையச் சிரமமானவன் அவன்தான். பார்க்க ஒரு சாதாரணச் சிறுவன் உயரம். உண்மையில் மிகக் குட்டையானவன், உயரம் கூட்டும் காலணியும் நீளும் இயந்திரக் கைகளும்தான் அந்த உயரத்தைக் கொடுக்கின்றன. பிறை போல் வளைந்த முடி, நெற்றியில் பச்சைக் கல் என்று தலையும் தனியாகத் தெரியும்.

வெளித்தோற்றத்தை நேரடியாக வரைந்தால் முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, உடை பொம்மைக்கு மாட்டியது போலத் தொங்கும். முதலில் பென்சிலில் உள்ளே இருக்கும் குட்டி உடம்பை மூன்று அல்லது நான்கு தலை அளவில் போடுங்கள். பிறகு பாதத்துக்குக் கீழே காலணி உயரத்தைச் சேருங்கள். அவனுடைய நிஜக் கை சட்டைக்கையின் நடுவிலேயே முடிந்துவிடும். அந்த இடத்தில் துணி மடிப்பை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு மடிப்பே இல்லாமல் நேராக விடுங்கள். உள்ளே சதை இல்லை, இயந்திரம் என்று கண்ணுக்குத் தானாகப் புரியும். விரல்களையும் ஒரே தடிமன் கோட்டில் இழுங்கள்.

கோடுகிறுக்கி:
அந்த மடிப்பு விஷயம் அருமை, உடனே திருத்திட்டேன். பக்கம் பி4ல, உள்சட்டகம் 180க்கு 270 மில்லிமீட்டர். டோன் ஒட்டி, மொபைலுக்கு 1080 பிக்ஸல் அகலத்துல சின்னதாக்கினா ஜாக்கெட்ல அலையலையா வருது. டோனை மாத்தணுமா?

டோன்தாள்:
டோனை மாத்த வேண்டாம், வெளியே எடுக்கிற முறையை மாத்துங்க. 600 டிபிஐல (அங்குலத்துக்கு 600 பிக்ஸல்) 180 மில்லிமீட்டர்னா சுமார் 4250 பிக்ஸல். 60 வரி டோன்ல ஒரு புள்ளிக்கு சரியா 10 பிக்ஸல் கிடைக்கும், அச்சுக்கு அது கச்சிதம். 1080க்குச் சுருக்கும்போது அதுவே இரண்டரை பிக்ஸல் ஆயிடுது. புள்ளி ஒண்ணு இங்கே விழும், ஒண்ணு நடுவுல விழும், அலை வராம என்ன செய்யும்? 350 டிபிஐல ஆரம்பிச்சவங்களுக்கு இன்னும் மோசம். ஒரு புள்ளிக்கு 5.83 பிக்ஸல் வரும், சுருக்குறதுக்கு முன்னாடியே சீரா இருக்காது.

வரையற மென்பொருள் கிளிப் ஸ்டூடியோன்னா டோன் லேயரோட பண்புகள்ல டோனை அணைச்சுடுங்க. புள்ளி போய் வெறும் சாம்பல் நிறம் வரும், அதை கிரேஸ்கேல்ல ஏற்றுமதி பண்ணி 1080க்குச் சுருக்குங்க. அச்சுக்கு அனுப்புற கோப்புல மட்டும் டோனைத் திரும்பப் போட்டு, 600லயே, அளவு மாத்தாம, கறுப்பு, வெள்ளை ரெண்டு மட்டும் இருக்கிற முறையில எடுங்க. ஏற்கெனவே லேயர்களை ஒண்ணாச் சேர்த்துட்டீங்கன்னா புள்ளியைப் பிரிக்க முடியாது, ஜாக்கெட்டையும் நிழலையும் மறுபடி நிரப்பித்தான் ஆகணும்.

டோன் மேல டோன் வச்சிருக்கீங்களான்னும் பாருங்க. ஜாக்கெட் நிழலுக்கு இன்னொரு தாள் வைக்கிறதா இருந்தா அதுவும் 60 வரி, அதே கோணம். கொஞ்சம் சாஞ்சாலும் அச்சுலயும் அலை வரும்.