புதுப்பிப்பு: கண் புற்றுக்குச் சொட்டு மருந்து – ஏற்காட்டுக் கேள்வி

கருவிழி ஓரத்தில் படரும் செதிள் அணுப் புற்றைச் சொட்டு மருந்தாலேயே கரைக்க முடியும் என்று முன்பு எழுதியிருந்தோம். அந்தச் சொட்டு மருந்துகளில் ஒன்றான, குளிரிலேயே வைக்க வேண்டிய இன்டர்ஃபெரானை மலைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

சேலத்திலிருந்தே ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். ஐஸில் பட்டு உறைந்தால் மருந்து வீண். வீட்டில் ஃப்ரிட்ஜில் 2–8 டிகிரி. மில்லிக்கு 10 லட்சம் யூனிட், தினம் 4 வேளை, மாதக்கணக்கில் ஓடும்.

கரண்ட் அடிக்கடி போகிற வீடானால், ஃப்ரிட்ஜ் வேண்டாத 1% ஃபைவ் எஃப்.யூ. (ஃப்ளூரோயுராசில் என்ற இன்னொரு புற்றுச் சொட்டு மருந்து) தோது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். வழக்கமாக 4 வேளை வீதம் ஒரு வாரம், பிறகு மூன்று வாரம் ஓய்வு. எரியும். முதலில் இமைத்தோலில் வாசலின் தடவுங்கள். வழிகிற மருந்துதான் தோலைப் புண்ணாக்குகிறது. கர்ப்பிணிகள் பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

கண்ணுக்குள் வரும் மெலனோமாவுக்கு (நிறமி அணுப் புற்று) இவை உதவாது. அதற்குப் பெரும்பாலும் கண்ணின் வெளிச்சுவரில் தைத்து வைக்கும் கதிர்வீச்சுத் தகடு.