தட்டினால் பாடி நகரும் குட்டி உருவங்கள்: பொதுப்பெயர் வேண்டும்

க. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். கணினி விளையாட்டு வடிவமைப்புப் பாடத்தில் தாள விளையாட்டுப் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எடுத்துக்காட்டு, 2007 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் வெளிவந்த ‘பத்தப்பொன்’. ரோலிட்டோ என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த உருவங்கள்: கரிய உருண்டை, நடுவில் ஒற்றைக் கண், குச்சிபோல் கைகால். ஆடுபவர் முரசு தட்ட, அவை பாடிக்கொண்டே படையெடுக்கும். இவ்வகைப் பாத்திரங்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும்.

செ. எழுதியது:
பெயர் நம்மிடமே இருக்கிறது. கோயிலில் கபோதம் என்னும் வளைந்த கூரை விளிம்புக்குக் கீழே ஓடும் பூதவரியை, அதாவது பூதச் சிற்ப வரிசையைப் பாருங்கள். குள்ள உருவம், தொப்பை, கையில் மத்தளமோ குழலோ தாளமோ. ‘குறட்பூதம்’ என்றே வைக்கலாம். ‘தாளப்பூதம்’ வேண்டாம், தாளத்துக்குத் தமிழிசை மரபில் ‘பாணி’ என்ற சொல் உண்டு. கொட்டு, அசை, தூக்கு, அளவு நான்கும் பொருந்தி அமைவதே பாணி என்கிறது சிலம்பின் உரை. இந்த விளையாட்டிலும் ஒரு கட்டளைக்கு நான்கு தட்டு. இரு சீர் குறளடி, முச்சீர் சிந்தடி, நாற்சீர் அளவடி. ஆகவே ஒவ்வொரு கட்டளையும் ஓர் அளவடி.

மு. எழுதியது:
ஐயா, அளவடி ஒப்பீட்டை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் ‘பூதம்’ என்றால் என் மாணவர்களுக்கு விளக்கிலிருந்து கிளம்பும் பேருருவம்தான் நினைவுக்கு வரும். ‘பாணி’ என்றால் நடிகரின் பாணி. ‘குறளி’ என்றும் ஒருவர் தனிமடலில் கேட்டார். அது குறளிவித்தைக்குப் போய்விடும். ‘தாளவாண்டு’ என்று வைப்போம். சின்னது, துறுதுறுப்பானது என்ற இரண்டும் ‘வாண்டு’ என்பதிலேயே வந்துவிடுகின்றன. தொல்காப்பிய மரபியல் சொல்லும் ஒன்பது இளமைப்பெயர்களையும் பார்த்துவிட்டேன். பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்றுக்கு உரியவை. குழவியும் மகவும் மக்களுக்கும் வரும். மற்றவை விலங்கையோ மரத்தையோ சார்ந்தே வருகின்றன.

செ. எழுதியது:
பேச்சுவழக்கைப் பாடநூலில் ஏற்ற முடியாது. நாளை ‘பொடிசு’ம் வரும்.

ந. எழுதியது:
உருவத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவை செய்வதைப் பாருங்கள். சதுரப் பொத்தான் ‘பத்த’, வட்டம் ‘பொன்’, முக்கோணம் ‘சாக்க’. பத்த பத்த பத்த பொன் தட்டினால் நடக்கும். பொன் பொன் பத்த பொன் தட்டினால் தாக்கும். சாக்க சாக்க பத்த பொன் என்றால் தற்காக்கும். தட்டுக்குத் தட்டு அரை நொடி. நான்கு தட்டியதும் கையை எடுத்துவிட வேண்டும். அடுத்த நான்கு தட்டு அவற்றுடையது. நாம் தட்டியதையே திருப்பிப் பாடிக்கொண்டு காரியத்தைச் செய்யும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். அவை பாடி முடிக்குமுன் ஆவலில் தட்டிவிடுவார்கள்; தொடர்ச்சி அறுந்துபோகும். வில்லுப்பாட்டில் புலவர் பாடியதைக் குழு ஏற்றுப் பாடுகிறதே, அதுதான் இது. ‘பின்பாட்டு வாண்டு’ என்றால் பெயரே ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்துவிடும்.

இன்னொன்று: தொடர்ச்சி ஏறியதும் வரும் ‘ஃபீவர்’ நிலையைக் ‘காய்ச்சல்’ என்று போட்டுவிடாதீர்கள். உடுக்கை ஏற ஏறச் சாமியாடிக்கு உரு ஏறுகிறதே, ‘உருவேற்றம்’ பொருந்தும்.

மு. எழுதியது:
உருவேற்றம் அருமை. ஆனால் ‘உருவேற்றுதல்’ மனப்பாடம் செய்வதையும் குறிக்குமே?

செ. எழுதியது:
குறிக்கும். திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றுவது என்பதே அடிப்பொருள், இங்கும் அதுதான் நடக்கிறது. ஏற்கிறேன். எழுத்துப்பெயர்ப்பிலும் கவனம் வேண்டும். ‘பட்டா பட்டா பட்டா பொன்’ என்று வரைவில் இருக்கிறது. நிலப்பட்டாவும் தங்கமும் கண்முன் வரும். ஜப்பானிய ஒலி பல்லொலி, ஆகவே தகரம். ஒற்றைத் தகரம் உயிர்களுக்கு நடுவே மெலிந்து ஒலிக்கும், எனவே ‘பத்த’. அதே காரணத்தால்தான் ‘பத்தப்பொன்’ என்பதில் பகர ஒற்றும் வேண்டும். ஈட்டிப்படையை ‘யரிப்பொன்’ என்று தொடங்காதீர்கள். தொல்காப்பியப்படி யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிமுதலாகும். ஜப்பானியத்தில் ‘யரி’ ஈட்டி, ‘யுமி’ வில், ‘ஹத்த’ கொடி. ஈட்டிவாண்டு, வில்வாண்டு, கொடிவாண்டு என்று...

மு. எழுதியது:
ஐயா, ‘வாண்டு’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்!

செ. எழுதியது:
எடுத்துக்காட்டுக்காக எழுதியது. பாடநூலுக்கு இன்னும் உடன்படவில்லை.

க. எழுதியது:
நேரம் இல்லை. தாளவாண்டுக்கு நால்வர், பின்பாட்டு வாண்டுக்கு ஒருவர், குறட்பூதத்துக்கு ஒருவர். அச்சில் ‘தாளவாண்டு’. கொடிவாண்டு மடிந்தால் ஆட்டம் தோற்கும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன். செய்முறைக் குறிப்பில் சேர்க்க ஏதும் உண்டா?

ந. எழுதியது:
உண்டு. புளூடூத் ஒலிபெருக்கியில் ஆடவிடாதீர்கள்; ஒலி தாமதமாக வரும், அதைக் கேட்டுத் தட்டும் மாணவர் சரியாகத் தட்டியும் பிந்தியதாகவே கணக்காகும். கம்பி வைத்த காதொலிப்பான் கொடுங்கள். தொலைக்காட்சியானால் அதன் விளையாட்டு நிலையை (கேம் மோட்) போடுங்கள். பெயரில் மட்டும் என் மறுப்பு இருக்கட்டும்: தாளத்துக்கு ஆடும் எதையும் தாளவாண்டு என்னலாம், இவை தட்டியவருக்கு மறுமொழி பாடுகின்றன. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.