சேலத்து அப்பா அம்மாவோட ஆஷ்வில் போறீங்களா? ஏற்காடு கணக்கு அங்க எடுபடாது

கேள்வி: அக்கா, அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்து சார்லட் வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. ஊர் சேலம் அம்மாபேட்டை. அப்பா பட்டுத்தறி ஓட்டினவர், கண் சரியில்லைன்னு இப்போ நிறுத்திட்டார். வர்ற கோடைக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் இங்க வர்றாங்க. ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் இதே மாநிலத்துல இருக்கற ஆஷ்வில் போங்க, மலை, ஓவியம், பாட்டு எல்லாம் இருக்குங்கறாங்க. காலைல கிளம்பி ராத்திரி திரும்பிடலாமா? அப்பா அம்மாவுக்குப் பிடிக்கிற மாதிரி அங்க என்ன இருக்கு?

பதில்: கண்ணு, நான் சார்லட்ல குப்பை கொட்டின காலம் எல்லாம் முடிஞ்சு இப்போ சேலம் ஃபேர்லேண்ட்ஸ்லதான் இருக்கேன். சேலத்துல இருந்து அந்தப் பக்கம் கிளம்புற பசங்க என்கிட்ட கேக்கற கேள்விகள்ல இதுவும் ஒண்ணு.

ஒரே நாள் வேண்டாம். நமக்கு மலைன்னா ஏற்காடு. அஸ்தம்பட்டி தாண்டி அடிவாரம், இருபது கொண்டை ஊசி வளைவு, மேல போனா ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, இருட்டறதுக்குள்ள வீடு. அந்தப் பழக்கத்துல ஆஷ்வில் போறவங்க, 'என்னடா இது, ஊரு மாதிரியே இருக்கு, மலை எங்க'ன்னு முகம் வாடித் திரும்புவாங்க. காரணம் ரொம்ப சாதாரணம். ஏற்காடு ஊரே மலை மேல, ஏறக்குறைய 4,900 அடிக்கு மேல உக்காந்திருக்கு. ஆஷ்வில் 2,134 அடிதான். பிரெஞ்ச் பிராட்னு ஒரு ஆறு, அதோட பள்ளத்தாக்குல இருக்கிற ஊர் அது. ஜூலை மதியத்துல 29 டிகிரி அடிக்கும். ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டுப் போன மாமியார் காருக்குள்ள உக்காந்து விசிறிக்கிட்டு இருப்பாங்க.

குளிர், மேகம், எட்டிப் பாக்கற முனை எல்லாம் ஊருக்கு வெளிய, ப்ளூ ரிட்ஜ் பார்க்வேங்கற மலைச்சாலையில இருக்கு. அதுல கிழக்கு வாக்குல ஒரு மணி நேரம் ஏறினா மவுண்ட் மிட்செல், 6,684 அடி. மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்க அதை விட உயரமான சிகரம் கிடையாது. நம்ம சேர்வராயன் கோயில் மலை 5,326 அடின்னு வெச்சுப் பாத்துக்கோ. அங்க ஜூலையிலயும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால ஊருக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள்னு பிரிச்சு ரெண்டு ராத்திரி தங்கு. சார்லட்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினா சரியா இருக்கும்.

இப்போ அப்பா விஷயம். உன் ஆபீஸ்காரங்க சொல்ற ஓவியக்கூடம், மதுக்கூடம் எல்லாம் இருக்கட்டும். தறிக்காரரைக் கூட்டிக்கிட்டு அந்த ஊருக்குப் போற அதிர்ஷ்டம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பார்க்வேல 382-ஆவது மைல் கல்லுகிட்ட ஃபோக் ஆர்ட் சென்டர்னு ஒண்ணு இருக்கு. ஊரை ஒட்டியே வரும், உள்ள போகக் கட்டணம் இல்ல. அதை நடத்தற சதர்ன் ஹைலேண்ட் கிராஃப்ட் கில்டுங்கற கைவினைஞர் சங்கம் 1930-ல ஆரம்பிச்சது. அந்த மலைக்காரங்க நெய்ஞ்ச போர்வைகளை அங்க கட்டாயம் காட்டு. வெள்ளைப் பருத்திப் பாவு, அது மேல சாயம் போட்ட கம்பளி ஊடை மிதந்து மிதந்து பூ விழுந்திருக்கும். தறியில பூப்போட வைக்கற ஜக்கார்டுப் பொறி கிடையாது. மிதியை மாத்தி மாத்தி மிதிச்சே அவ்வளவு வடிவம் எடுத்திருக்காங்க. உனக்கும் எனக்கும் அது அழகான போர்வை, அவ்வளவுதான். உங்கப்பா ரெண்டு நிமிஷம் உத்துப் பாத்துட்டு எந்த மிதிக்கு அப்புறம் எந்த மிதின்னு கணக்குப் போட ஆரம்பிச்சிடுவார். பல நாள்ல யாராவது ஒரு கைவினைஞர் அங்கேயே உக்காந்து வேலை செஞ்சு காட்டுவாங்க. உங்க அப்பா நெசவாளின்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, மீதிப் பேச்சு தானா நடக்கும். துணியைத் தொடறதுக்கு முன்னாடி மட்டும் கேட்டுடணும்.

விலைச்சீட்டைப் பாத்ததும் அப்பா கட்டாயம் எண்பது, தொண்ணூறுன்னு பெருக்குவார். பெருக்கட்டும். அங்க பேரம் பேசற வழக்கம் இல்லைன்னு முன்னாடியே சொல்லி வை. அந்தச் சீட்டுல நெய்ஞ்சவங்க பேரு இருக்கும், அதையும் காட்டு. நம்ம ஊர்ல வெண்பட்டு வேட்டிக்குக் கடை பேருதான் இருக்கும், தறிக்காரர் பேரை எந்தக் கடை போட்டுச்சு? இதை நான் புலம்பலா சொல்லல, அவர் இதைக் கவனிப்பார்னு சொல்றேன்.

நெசவுன்னு வந்துட்டதால இன்னும் ரெண்டு இடம். குரோவ் பார்க் இன்னுங்கற பழைய கல் ஹோட்டல் பக்கத்துல குரோவ்வுட் வில்லேஜ் இருக்கு. பில்ட்மோர் இண்டஸ்ட்ரீஸ்னு நூறு வருஷத்துக்கு முன்னாடி கையால கம்பளித் துணி நெய்ஞ்ச இடம் அதுதான். அந்தக் கதையைச் சொல்ற சின்ன அருங்காட்சியகம் ஒண்ணு உள்ள இருக்கு. இன்னொண்ணு ஊர் நடுவுல இருக்கற பிளாக் மவுண்டன் காலேஜ் மியூசியம். அந்தக் காலேஜ் 1933-ல இருந்து 1957 வரைக்கும்தான் இருந்துச்சு. ஜெர்மனியில நாஜிகள் நெருக்கடியில பௌஹௌஸ் கலைப்பள்ளி மூடினதும், அங்கிருந்து ஜோசப் ஆல்பர்ஸும் அவர் மனைவி ஆனி ஆல்பர்ஸும் நேரா இந்த மலைக்கு வந்து பாடம் எடுத்தாங்க. ஆனி நெசவாளி. 1949-ல நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவங்க துணிகளுக்குன்னே தனிக் கண்காட்சி வெச்சுது. அதுக்கு முன்னாடி எந்த நெசவாளிக்கும் அங்க அப்படி நடந்ததில்ல. மியூசியம் சின்னதுதான், என்ன கண்காட்சி நடக்குதுன்னு பாத்துட்டுப் போ. சில சமயம் வெறும் கித்தான் ஓவியமா இருக்கும், அப்பாவுக்குக் கொட்டாவி வந்துடும்.

ஊருக்குள்ள நடக்கும்போது கட்டடங்களை அண்ணாந்து பாருங்க. 1920கள்ல கட்டினது இவ்வளவு மிச்சம் இருக்கறதுக்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. 1930 நவம்பர்ல அந்த ஊரோட பெரிய பேங்க் திவாலாச்சு, நகராட்சிப் பணமும் அதோட போச்சு. பக்கத்து ஊர்கள்ல சிலது கடன்ல கொஞ்சம் தள்ளுபடி வாங்கியிருக்கலாம், இவங்க மட்டும் வாங்கின கடனை 1976 வரைக்கும் உக்காந்து அடைச்சாங்க. பழசை இடிச்சுப் புதுசு கட்டக் கையில காசு இல்ல, அதனால எல்லாம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் காலியாக் கிடந்த கடைகளுக்கும் மில்களுக்கும் குறைஞ்ச வாடகைக்குக் கலைஞர்கள் வந்தாங்க. டக்ளஸ் எலிங்டன் வரைஞ்ச 1928-ஆம் வருஷத்து நகர மன்றக் கட்டடம், எட்டுப் பட்டைக் கூரையோட, இளஞ்சிவப்பா நிக்கும். காசு இருந்த ஊர் நம்ம சேலம். இங்க மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவுல அந்த வாசல் வளைவு ஒண்ணுதான் மிச்சம்.

செயின்ட் லாரன்ஸ் பசிலிக்காங்கற சர்ச்சையும் விட்டுடாதே. ரஃபேல் குவாஸ்டவினோ கட்டின ஓட்டுக்கல் குவிமாடம், உள்ள தாங்கறதுக்கு ஒரு தூண் கிடையாது. அம்மாவுக்குக் கால் வலிச்சா உக்காந்து ஓய்வெடுக்கவும் நல்ல இடம்.

ஆத்தோரம் இருக்கிற ரிவர் ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட்டைப் பத்தி எல்லாரும் சொல்லியிருப்பாங்க. பழைய மில், கிடங்கு எல்லாம் ஓவியம், மண்பாண்டம், கண்ணாடி வேலைக்கூடமா மாறின இடம். 2024 செப்டம்பர் கடைசியில ஹெலீன் புயல் வந்தப்போ ஆறு 1916 வெள்ளத்தையும் தாண்டி ஏறிடுச்சு. தாழ்வான பக்கம் இருந்த கூடங்கள் மாடி வரைக்கும் மூழ்கின. மேட்டுப் பக்கம்தான் முதல்ல திறந்துச்சு. அதனால பழைய வீடியோவைப் பாத்துத் திட்டம் போடாதே, எந்தக் கூடம் திறந்திருக்குன்னு அந்த வாரம் பாத்துட்டுப் போ. போனா ஒரு சின்னக் குவளையாவது வாங்கு. அவங்களுக்கு இப்போ அது தேவை.

பில்ட்மோர் மாளிகையை என் கணக்குல தள்ளித்தான் வைப்பேன். வாண்டர்பில்ட் குடும்பத்து ஜார்ஜ் 1889-ல ஆரம்பிச்சு 1895-ல குடிவந்த வீடு, 250 அறை. பல நாள்ல டிக்கெட் தலைக்கு நூறு டாலரைத் தாண்டும், ஒரு முழு நாளையும் முழுங்கிடும், படியும் ஜாஸ்தி. அம்மாவுக்குத் தோட்டம்னா உயிர்னா மட்டும் போங்க. தோட்டத்தை வடிவமைச்சவர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைச்ச ஓல்ம்ஸ்டெட், அது நிஜமாவே அருமை.

கேள்வி: நன்றிக்கா. மலை ரோட்டுல ஓட்ட எனக்குப் பயமா இருக்கு. ஏற்காடு ரோட்டுல கூட நான் ஓட்டினதில்ல.

பதில்: ஏற்காடு ரோட்டுல ஓட்டினவங்களுக்குத்தான் அங்க கஷ்டம், உனக்கு இல்ல. இங்க ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சே ஆகணும், அங்க ஹாரன் அடிச்சா வசவு மாதிரி. பார்க்வே 469 மைல், வேடிக்கை பாக்கறதுக்குன்னே போட்ட ரோடு. சரக்கு லாரி வராது, சுங்கம் கிடையாது, வேகம் பெரும்பாலும் 45 மைலுக்குள்ளதான். கொண்டை ஊசி கிடையாது, நீள நீளமா வளையும். பின்னாடி யாராவது ஒட்டிக்கிட்டே வந்தா அடுத்த பார்வை முனையில ஒதுங்கி வழி விட்டுடு. இறக்கத்துல கியரைக் குறைச்சு இறங்கு, பிரேக்லயே காலை வெச்சுக்கிட்டு வராதே. அது நம்ம மலையிலயும் அதே விதிதான்.

பார்க்வேல பெட்ரோல் பங்க் கிடையாது, ஊர்லயே நிரப்பிக்கோ. சிக்னல் விட்டு விட்டு வரும், மேப்பை முன்னாடியே இறக்கி வை. கழிப்பறை எல்லா முனையிலயும் இருக்காது. ஃபோக் ஆர்ட் சென்டர்லயே அப்பா அம்மாவைப் போயிட்டு வரச் சொல்லு. மிட்செல்ல வண்டி நிறுத்தற இடத்துல இருந்து உச்சிக்குச் சின்ன நடைதான், தார் போட்ட பாதை, ஆனா ஏத்தம். மூட்டு வலி இருந்தா அம்மா கீழயே இருக்கட்டும், அங்கிருந்தே நல்லாத் தெரியும்.

கேள்வி (அதே மாநிலத்து ராலேயில் படிக்கும், சேலம் குகைப் பகுதிப் பையன்): அக்கா, கார் இல்லாம போக முடியுமா?

பதில்: தம்பி, அந்த ஊருக்குப் பயணிகள் ரயில் கிடையாது. ராலேயில இருந்து ஏறக்குறைய 250 மைல். பஸ்ல போய் ஊர் நடுவுல தங்கினா கடை, மியூசியம், வெயில் காலத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிட்சர்ட் பூங்காவுல நடக்கற மேளக்கூட்டம் இதெல்லாம் நடந்தே பாக்கலாம். மேளத்துல யார் வேணும்னாலும் கலந்துக்கலாம். மலை மட்டும் கிடைக்காது. நாலு பேர் சேந்து வாடகைக் கார் எடுங்க, 25 வயசு ஆனவன் பேர்ல எடுங்க. அதுக்குக் கீழன்னா தினமும் தனிக் கட்டணம் போடுவாங்க.

கேள்வி: சாப்பாடு? எங்கம்மா சுத்த சைவம்.

பதில்: கவலையே படாதே, சைவத்துக்கு ரொம்ப ஒத்துவர்ற ஊர் அது. சாய் பானின்னு நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர் ஹோட்டல் இருக்கு. 2022-ல ஜேம்ஸ் பியர்ட் விருதுல நாட்டிலேயே சிறந்த உணவகம்னு எடுத்தாங்க. வட இந்தியத் தெருத் தீனிதான், பேல்பூரி மாதிரி. ஒரு வேளைக்கு அம்மா ரசிச்சுச் சாப்பிடுவாங்க, ரெண்டாவது வேளைக்கு ரசம் எங்கன்னு கேப்பாங்க. சமையல் மேடை இருக்கற அறையா எடுத்து ரைஸ் குக்கரைக் கொண்டு போயிடு. ஊர் நடுவுல வாடகை ஜாஸ்தி, டனல் ரோட்டுப் பக்கம் குறையும்.

மீந்த சாதத்தையும் தின்பண்டத்தையும் ராத்திரி கார்ல விட்டுடாதே. ஏற்காட்டுல குரங்கு பையைப் பிடுங்கற கதைதான் நமக்குத் தெரியும், அங்க கருங்கரடி ஊருக்குள்ளயே உலாத்தும், கார்க் கதவைத் திறக்கவும் அதுக்குத் தெரியும்.

கேள்வி: கடைசியா ஒண்ணு. டிக்கெட் இன்னும் போடல. எந்த மாசம் நல்லது?

பதில்: எல்லாரும் அக்டோபர்ம்பாங்க. இலை நிறம் மாறும், நிஜமாவே அழகுதான். மேல் மலையில மாசத் தொடக்கத்துல, ஊருக்குள்ள மாசக் கடைசியில. ஆனா அறை வாடகை எகிறும், பார்க்வேல வண்டி ஊர்ந்துதான் போகும். எனக்குப் பிடிச்சது ஜூன் நடு. கிராகி கார்டன்ஸ்ல ரோடோடென்ட்ரான் ஊதாவா பூத்துக் கிடக்கும், மிட்செல் போற வழியிலதான் வரும். குளிர்காலத்துல பார்க்வேயைப் பனிக்கு அடைச்சிடுவாங்க, அப்போ போறதுல பிரயோசனம் இல்ல.

இங்க இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் வருகையாளர் மருத்துவக் காப்பீடு எடுத்துடு. சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி ஏற்கெனவே இருக்கற நோய்க்குப் பல திட்டங்கள் பணம் தராது, அதைப் படிச்சுட்டு எடு. மாத்திரை சீட்டோட வரணும். அப்பாவோட புதுக் கண்ணாடியை மட்டும் சேலத்துலயே போட்டு அனுப்பச் சொல்லு, அங்க அதுக்கு ஆகற செலவுல ரெண்டு ராத்திரி அறை வாடகை கட்டிடலாம். பார்க்வே எந்தெந்த இடத்துல திறந்திருக்குன்னு தேசியப் பூங்காத் துறை தன் தளத்துல போடுது, முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை பாரு. மேல மூடியிருந்தா ஊர் சுத்தறதை முதல் நாளுக்கு மாத்திக்கோ.