கரீபியன் துறவிக் கடல்நாய்: கொலம்பஸின் ஆட்கள் கண்டதற்குக் கிரேயின் பெயர் வந்தது எப்படி?

நெய்தல்நிலத்தான் கேட்டது:

பள்ளி மலர் ஒன்றுக்காக, அழிந்துபோன பாலூட்டிகளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கரீபியன் துறவிக் கடல்நாயின் அறிவியல் பெயரை ‘நியோமொனாக்கஸ் டிராப்பிகாலிஸ் (கிரே, 1850)’ என்று குறிக்கிறார்கள். ஆனால் 1494 ஆகஸ்டில், கொலம்பஸின் இரண்டாம் பயணத்தின்போதே, இஸ்பானியோலாவுக்கு (இன்று ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் உள்ள தீவு) தெற்கில் உள்ள ஆல்டா வேலா என்னும் சிறு தீவில் அவருடைய ஆட்கள் எட்டுக் ‘கடல் ஓநாய்களை’, அதாவது இந்தக் கடல்நாய்களை, கொன்றதாகப் பதிவு இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து லண்டனில் இருந்த ஒருவரின் பெயர் இதனுடன் சேர்ந்தது ஏன்? அந்தப் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவதற்குப் பொருள் உண்டா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

விலங்குப் பெயரீட்டு விதிகள் ‘முதலில் கண்டவர் யார்’ என்று கேட்பதில்லை. இரண்டு சொற்களாலான பெயரை, விவரிப்புடன், முதலில் அச்சில் வெளியிட்டவர் யார் என்பதே அவற்றின் கேள்வி. அதுவும் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸின் பெயரீட்டு நூலுடைய பத்தாம் பதிப்பு வந்த 1758ஆம் ஆண்டிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். ஆகவே கொலம்பஸ் மட்டுமல்லர், 1707இல் ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர்-இயற்கையியலாளர் எழுதியதும் இதில் சேராது. பகாமா தீவுகளில் இந்த விலங்குகள் நிறைந்திருப்பதையும், மீனவர்கள் சில வேளைகளில் ஒரே இரவில் நூறு வரை பிடித்து, உருக்கி, விளக்கெரிக்க எண்ணெய் எடுப்பதையும் அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். எண்ணெய் எடுக்கும் அளவுக்குத் தெரிந்திருந்த விலங்கு, பெயரில்லாமலே இன்னும் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது.

பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேய இயற்கையியலாளர் 1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் தங்கியிருந்தார். அத்தீவுக்குத் தெற்கில் உள்ள பெட்ரோ திட்டுகளில் பிடிபட்ட ஒரு கடல்நாயின் தோல் அவர் வழியாகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அங்கே விலங்கியல் பிரிவின் தலைவராக இருந்தவர் ஜான் எட்வர்ட் கிரே. அவர் 1850இல் வெளியிட்ட அருங்காட்சியகப் பட்டியலில் அந்தத் தோலை விவரித்து, ‘ஃபோகா டிராப்பிகாலிஸ்’, அதாவது வெப்பமண்டலக் கடல்நாய், என்று பெயரிட்டார். காஸும் தம்முடைய ஜமைக்கா நூலில், அதைப் பெற உதவிய வில்கி என்பவரின் நினைவாக ‘ஃபோகா வில்கியானஸ்’ என்னும் பெயரை முன்வைத்தார். அந்த நூல் வெளிவந்தது 1851இல். தோலைக் கொடுத்தவர் வைத்த பெயர், ஓர் ஆண்டுத் தாமதத்தால், வெறும் இணைப்பெயராக, அதாவது அதே இனத்துக்குப் பிந்தி வந்த செல்லாப் பெயராக, நின்றுவிட்டது.

கயல்விழியாள் எழுதியது:

மேலே உள்ள விடையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இந்தக் கதையின் சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது: கிரேயின் கைக்கு வந்தது மண்டையோடு இல்லாத தோல். கடல்நாய்களை இனம் பிரிப்பதில் வெட்டுப்பற்களின் எண்ணிக்கைக்குப் பெரும்பங்கு உண்டு. வடக்குக் கடல்களின் ஃபோகா வகைகளுக்கு மேல்தாடையில் ஆறும் கீழ்த்தாடையில் நான்கும் இருக்கும். துறவிக் கடல்நாய்களுக்கு மேலும் கீழும் நந்நான்கு. முக்காட்டுக் கடல்நாய்க்கு மேலே நான்கு, கீழே இரண்டு. எண்ணிப் பார்க்கப் பல்லே இல்லாதபோது, தோலில் எஞ்சியிருக்கும் மயிரையும் நகத்தையும் மீசையையும் வைத்துத்தான் பேச வேண்டும். கிரே அந்தக் குட்டையான, தோலோடு படிந்த மயிரையும், அலைவோ முறுக்கோ இல்லாமல் நுனி நோக்கிச் சீராக மெலியும் தடித்த மீசைமயிரையும் குறித்துவைத்தார். இது வீண்போகவில்லை. பெரும்பாலான மெய்க் கடல்நாய்களின் (வெளிக்காது மடல் இல்லாதவை) மீசைமயிர் மணி கோத்தாற்போல் ஏறி இறங்கியிருக்கும்; துறவிக் கடல்நாய்களுக்கோ வழவழப்பாக இருக்கும். 1866இல் கிரேயே இதை ‘மொனாக்கஸ்’ பேரினத்துக்கு (இருசொற் பெயரின் முதற்சொல் குறிக்கும் குழுவுக்கு) மாற்றினார்.

அதற்கு முன் அவர் ஒருமுறை சறுக்கியும் இருக்கிறார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மண்டையோட்டுக்கு 1849இல் ‘சிஸ்டோஃபோரா ஆன்டில்லாரம்’ என்று பெயரிட்டார். அது வட அட்லாண்டிக்கைச் சேர்ந்த முக்காட்டுக் கடல்நாயின் மண்டையோடு என்பது பின்னர் தெளிவாயிற்று. ஓர் ஆண்டு முந்தியதாயினும் அந்தப் பெயர் நம் விலங்குக்குப் பொருந்தாது. பெயர் எந்த மாதிரிக்கு இடப்பட்டதோ அந்த மாதிரியோடுதான் போகும், சீட்டில் எழுதிய ஊரோடு போகாது.

‘துறவி’ என்னும் சொல் மத்தியதரைக் கடல் இனத்திலிருந்து வந்தது. யோகான் ஹெர்மன் 1779இல் அதை விவரித்தபோது ‘ஃபோகா மொனாக்கஸ்’ என்று பெயரிட்டார். கழுத்தில் மடிந்து விழும் கொழுத்த தோல் துறவியின் முக்காட்டை நினைவூட்டியது என்பது வழக்கமான விளக்கம்.

கரையேறி எழுதியது:

அப்படியானால் ரிச்சர்ட் ஹில்லை மறந்துவிடலாமா? ஜமைக்காவைச் சேர்ந்த இந்த இயற்கையியலாளர் 1843இலேயே பெட்ரோ திட்டுகளின் கடல்நாயைப் பற்றி அவ்வூர்ப் பஞ்சாங்கத்தில் எழுதியிருக்கிறார். லண்டனில் ஒரு தோலைப் புரட்டிப் பார்த்தவருக்குப் பெயர், உள்ளூரில் விசாரித்து எழுதியவருக்கு அடிக்குறிப்பு என்பது எனக்கு ஒப்பவில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உங்கள் வருத்தம் நியாயமானது. விதியைக் குறை சொல்ல முடியாது என்பது மட்டுமே என் கருத்து. ஹில் எழுதியதில் இருசொற் பெயர் இல்லை, எனவே முந்துரிமையும் இல்லை. ஆனால் கிரேயின் பெயரைப் புகழ்மாலையாகக் கொள்ளவும் வேண்டாம், அது எந்த விவரிப்பைத் தேடிப் போக வேண்டும் என்று காட்டும் முகவரி மட்டுமே. கட்டுரை எழுதுபவர் ஹில்லையும் காஸையும் தாராளமாகக் குறிப்பிடலாம்.

அடைப்புக்குறிக்கு வருகிறேன். பெயரிட்டவர் வைத்த பேரினத்திலிருந்து ஓர் இனம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டால், அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். கிரே ‘ஃபோகா’ என்றார். பின்னர் அது ‘மொனாக்கஸ்’ ஆயிற்று. 2014இல், அருங்காட்சியகத் தோல்களிலிருந்து எடுத்த மரபணுச் சான்றும் மண்டையோட்டு ஒப்பீடும் இது ஹவாய்த் துறவிக் கடல்நாய்க்கே நெருங்கிய உறவு என்று காட்டியதால், இரண்டையும் சேர்த்து ‘நியோமொனாக்கஸ்’ என்னும் புதிய பேரினம் ஆக்கினார்கள். ‘டிராப்பிகாலிஸ்’ மட்டும் 1850இலிருந்து அசையவில்லை.

கயல்விழியாள் எழுதியது:

நல்ல எண்ணிக்கையில் மாதிரிகள் கிடைத்தது 1886 டிசம்பரில்தான். அமெரிக்க இயற்கையியலாளர் ஹென்றி வார்டு மெக்சிகோ வளைகுடாவின் டிரையாங்கிள் திட்டுகளுக்குச் சென்று, தோல்களும் எலும்புக்கூடுகளும் கொண்டுவந்தார்; அவற்றைக் கொண்டு அமெரிக்க விலங்கியலாளர் ஜே. ஏ. ஆலன் 1887இல் எழுதிய கட்டுரையே இதன் உடலமைப்பை விரிவாகச் சொன்னது. அதற்குள் கூட்டங்கள் அருகிவிட்டன. 1952இல் கரீபியன் கடலின் செரானில்லா திட்டருகே கண்டதே உறுதியான கடைசிப் பதிவு. 2008இல் அமெரிக்க அரசு இவ்வினம் அற்றுப்போனதாக அறிவித்தது. கூட்டம் கூட்டமாக எண்ணெய்க்கு உருக்கியபோது ஒருவரும் ஒரு மண்டையோட்டை எடுத்துவைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத குறை.

நெய்தல்நிலத்தான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கட்டுரையில் ‘1850இல் கிரே கண்டுபிடித்தார்’ என்று எழுதியிருந்த வரியை, ‘காஸ் அனுப்பிய, மண்டையோடு இல்லாத ஒரு தோலைக் கொண்டு கிரே 1850இல் விவரித்துப் பெயரிட்டார்’ என்று மாற்றிவிட்டேன். ஹில்லுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். அடிக்குறிப்பில் அல்ல, கட்டுரைக்குள்ளேயே.