லெஸ்டருக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போறவருக்கு முதல் ரெண்டு கிழமை எப்பிடி இருக்கும்?

நிலாவெளிக்காரன்:
வணக்கம். தம்பி ஒருத்தர் திருகோணமலையில இருந்து செப்டெம்பர் கடைசியில இங்கிலாந்தில இருக்கிற லெஸ்டருக்குப் போறார். ஒரு வருச மாஸ்டர்ஸ். விசா வந்திட்டுது எண்டு ஈமெயில் இருக்கு, ஆனா பாஸ்போட்டில ஒட்டு ஒண்டும் இல்ல. அது சரியா? அம்மா கருவாடு, கறிவேப்பிலை, நெய், பால்மா, மண்சட்டி எண்டு கட்டத் தொடங்கிட்டா. குளிர் உடுப்பு இஞ்ச ஊரில என்.சி. வீதியில வாங்கினால் போதுமா? போய் இறங்கினதும் எதை முதல் செய்யணும்?

உப்புவெளி நண்டு:
ஒட்டு இல்லாதது பிழை இல்ல. பிஆர்பி எண்ட வதிவிட அட்டையெல்லாம் 2024 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது, இப்ப இணையத்தில மட்டும் இருக்கிற ஈ-விசா. ஊரில இருக்கேக்கையே யூகேவிஐ (பிரிட்டன் விசாத் திணைக்களம்) இணையக் கணக்குக்குள்ள போய், கொண்டுபோற பாஸ்போட்டின்ட நம்பர்தான் அதில இணைஞ்சிருக்கா எண்டு பாருங்க. இடையில பாஸ்போட் புதுப்பிச்சிருந்தால் கட்டுநாயக்காவில செக்-இன் செய்யேக்கையே இழுபறி வரும். கணக்குக்குள்ள போற கோட் போனுக்கோ ஈமெயிலுக்கோதான் வரும், அதால ஊர் சிம்மைக் கழட்டுறதுக்கு முன்னம் ஈமெயில் திறக்குதா எண்டு உறுதிப்படுத்துங்க.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில இலங்கைப் பாஸ்போட்டுக்கு தானியங்கிக் கதவு திறக்காது, அதிகாரியிட்ட வரிசையில நிக்கணும். காஸ் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த சேர்க்கை உறுதி) விபரம், தங்குற இட முகவரி ரெண்டும் கைப்பையில இருக்கட்டும். அங்கயிருந்து பிக்கடிலி லைன் சுரங்க ரெயினில கிங்ஸ் குரொஸ் செயின்ட் பாங்கிராஸ், பிறகு லெஸ்டர் ரெயின். மலிவு எண்டு அட்வான்ஸ் டிக்கெட் எடுக்க வேணாம். அது அந்த ஒரு ரெயினுக்குத்தான் செல்லும். விமானம் பிந்தினால் காசு போச்சு.

முதல் வேலை பல்கலைக்கழகப் பதிவு. காஸில போட்டிருக்கிற கடைசித் திகதி தாண்டினால் விசாவுக்கே ஆபத்து. பதிஞ்ச பிறகுதான் வங்கிக்கான கடிதம் தருவாங்க, அதில இருக்கிற முகவரியும் இப்ப தங்குற முகவரியும் ஒண்டா இருக்கணும். வித்தியாசம் இருந்தால் வங்கி திருப்பி அனுப்பும். கணக்குத் திறக்கக் கிழமைக் கணக்கில இழுபடலாம், அதுவரை செலவுக்கு வெளிநாட்டில வேலை செய்யிற காட் ஒண்டு வேணும். விசாவோட வருசத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டியாச்சுதானே, அதால ஜீபீயில (ஏரியா டொக்டரிட்ட) பதியக் காசு இல்ல. காய்ச்சல் வந்த பிறகு பதிய ஓடாமல் முதல் கிழமையிலயே பதிஞ்சு விடுங்க.

மாசிச்சம்பல்:
சாமானுக்கு வாறன். இறைச்சியும் பாலில செய்ததும் கொண்டுபோக ஏலாது, ஆகவே நெய்யும் பால்மாவும் வெட்டு. பச்சைக் கறிவேப்பிலையும் தடை. பூச்சி, நோய் பரவும் எண்டு பறிப்பாங்க. லெஸ்டர் பெல்கிரேவ் ரோட்டில இந்தியக் கடைகள் வரிசையா இருக்கு, அங்க பாக்கலாம். கருவாடும் மாசிக் கருவாடும் தனிப்பாவனைக்குக் கொண்டுபோகலாம். ரெண்டு பொலித்தீன் போட்டு இறுக்கிக் கட்டுங்க, இல்லாட்டி உடுப்பெல்லாம் மணக்கும்.

மண்சட்டியைத் தடுத்து நிறுத்துங்க. அடுப்பு இண்டக்ஷன் எண்டால் மண்சட்டியும் சூடாகாது, நம்மட அலுமினியச் சட்டியும் சூடாகாது. அடியில காந்தம் ஒட்டுற சட்டிதான் வேணும். தட்டுச் சூடாகிற சாதாரண கரண்ட் அடுப்பு எண்டால் வேற பிரச்சினை: நிப்பாட்டின பிறகும் தட்டு கொதிச்சுக்கொண்டே இருக்கும். கடுகு வெடிச்ச உடன சட்டியைத் தூக்கிப் பக்கத்தில வைக்காட்டி வெங்காயம் போட முன்னமே கருகும்.

பெரிய வில்லங்கம் தாளிக்கிறதிலதான். விடுதிகளில பொதுவா சமையலறையில பூட்டியிருக்கிறது வெப்பத்தை அறியிற கருவி, நடையிலயும் அறையிலயும் பூட்டியிருக்கிறது புகையை அறியிறது. தானா மூடுற அந்தப் பாரமான கதவு நெருப்புக் கதவு. காத்து வரட்டும் எண்டு கதிரையை முட்டுக்குடுத்துத் திறந்து வைச்சிட்டு செத்தல்மிளகாய் தாளிச்சால், புகை நடைக்கு வந்து முழுக் கட்டடத்துக்கும் அலாரம் அடிக்கும். கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டிட்டுச் சமைக்கணும். அறைக்குள்ள ரைஸ் குக்கர் பாவிக்க அனேகமா விடமாட்டாங்க. கருவியைப் பையால மூடுறது தண்டத்தில முடியும்.

கொட்டியாபுரம்:
உடுப்பு: என்.சி. வீதியில உள்ளுக்குப் போடுற தேர்மல், மொத்தச் சொக்ஸ் கிடைச்சால் வாங்குங்க. ஜக்கெட்டும் சப்பாத்தும் அங்க வாங்குறதுதான் புத்தி. மழையும் காத்தும் ஒண்டா வாற ஊரில குடை பிரண்டு போகும், தொப்பி வைச்ச தண்ணி ஊறாத ஜக்கெட்தான் உதவும்.

வோல்டேஜ் ரெண்டு இடமும் 230. பிளக் மட்டும் சதுரக் கால் மூண்டு. புது வீடுகளில நாங்களும் அதைத்தான் பாவிக்கிறம். பழைய உருண்டைக் கால் சாமானுக்கு பியூஸ் இருக்கிற 13 அம்பியர் பிளக் டொப்பை ஊரிலயே மாத்திப் போடுங்க.

அறையைச் சூடாக்கிற ரேடியேட்டரின்ட திருகில 1 முதல் 5 வரை இருக்கும், 3 எண்டால் கிட்டத்தட்ட 20 பாகை. அதுக்கு மேல திரைச்சீலை விழுந்து மூடினால் அறை சூடாகிட்டுது எண்டு நினைச்சுத் தானா அடைஞ்சிடும், பிறகு பழுது எண்டு முறைப்பாடு. ஈரத்துணியை அதில காயப்போட்டு ஜன்னலையும் பூட்டினால் சுவரில பூஞ்சணம் பிடிக்கும். தனியார் வீடு எண்டால் அந்தக் கழுவல் செலவை டெபொசிட்டில வெட்டப் பாப்பாங்க. டெபொசிட் அஞ்சு கிழமை வாடகைக்கு மேல கேக்க ஏலாது. அறையைப் பாக்காமல் ஒரு பவுணும் அனுப்ப வேணாம்.

நிலாவெளிக்காரன்:
நல்ல விளக்கம், நன்றி. வேலை விசயம்? சைக்கிளில சாப்பாடு டெலிவரி செய்தால் நல்ல காசு எண்டு ஆரோ சொல்லியிருக்காங்க.

உப்புவெளி நண்டு:
அதைத் தொடவே வேணாம். அந்த டெலிவரி ஆப் வேலைகள் சுயதொழில் கணக்கில வரும், மாணவர் விசாவில சுயதொழில் தடை. கடை, கிடங்கு எண்டு சம்பளத் துண்டு தாற இடம் பாருங்க. படிப்பு நடக்கேக்க கிழமைக்கு 20 மணித்தியாலம்தான், திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு கிழமை. இந்தக் கிழமை 15, வாற கிழமை 25 எண்டு சமப்படுத்த ஏலாது. மாஸ்டர்ஸ்காரர் கூடுதலாப் பிழை விடுற இடம் கோடை: ஆய்வறிக்கை எழுதுற அந்த மாதங்கள் விடுமுறை இல்ல, 20தான்.

கொட்டியாபுரம்:
இன்னொண்டு. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்க மணி ஒண்டு பின்னுக்குப் போகும். நாலரை மணித்தியால வித்தியாசம் அஞ்சரையாகும். இரவு எட்டுக்குக் கோல் வரும் எண்டு இருக்கிற அம்மாவுக்கு முன்னமே சொல்லி வையுங்க.