திருகோணமலைச் சீனன்குடாவில் பழைய போர் விமானம் ஒன்றை ஓடவிட்டால் என்ன?

சீனன்குடாப் பெடியன்:
விடுமுறையில் ஊருக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. திரும்பிப் போக முதல் இதை எழுதிவிட வேண்டும். நான் இருப்பது இங்கிலாந்தில், யோர்க் பக்கம். எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள ஒரு விமான நூதனசாலையில் தொண்டு வேலை செய்கிறேன். சம்பளம் கிடையாது, தேத்தண்ணி மட்டும் இலவசம். நான் படித்தது கணக்கியல் என்பதால் முதல் ஆறு மாதம் என் கையில் தந்தது ஒரு வயர் பிரஷ்ஷும் துருப்பிடித்த ஒரு சக்கரமும்தான். என்னோடு நிற்பவர்களில் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர், பஸ் சாரதி, பள்ளிக்கூட ஆசிரியை என்று எல்லாரும் உண்டு.

வருடத்தில் சில நாட்கள் விமானத்தை வெளியே இழுத்து எஞ்சினை ஓடவிடுவோம். பறப்பதில்லை. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, தீயணைக்கும் ஆட்கள் பக்கத்தில் நிற்க, நிலத்திலேயே ஓடவிடுவதுதான். அதற்கு முதல் எல்லாரும் வரிசையாக நடந்து தரையில் கிடக்கும் கல், ஆணி, போத்தல் மூடி எல்லாவற்றையும் பொறுக்குவோம். ஜெட் எஞ்சின் ஒரு சின்ன ஆணியை உள்ளே இழுத்தாலே போதும், உள்ளே சுழலும் தகடுகள் நாசம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்தத் தீவில் இப்படி ஒரு வேலைக்குச் சீனன்குடா விமானத்தளத்தை விடப் பொருத்தமான இடம் எது? 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் குண்டு போட வந்தபோது பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பியது இங்கிருந்துதான். 1944 ஆகஸ்ட் 10 அன்று ஐம்பதுக்கு மேற்பட்ட அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இங்கே எண்ணெய் நிரப்பிக்கொண்டு சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் போயின. போய்வரும் தூரம் 3,800 மைலுக்கு மேல். அதற்காகவே ஓடுபாதையை 7,200 அடியாக நீட்டினார்கள். இது எங்கள் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய விமானம் ஒன்று, பத்துத் தொண்டர்கள், வருடத்துக்கு ஒரு தடவை ஏப்ரல் 9 அன்று எஞ்சின் ஓட்டம். இவ்வளவுதான் நான் கேட்பது.

உவர்மலை55:
தம்பி, நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யோர்க்கில் ஒரு ஜெட் எஞ்சின் உறுமினால் பிள்ளைகள் கைதட்டும். இங்கே உறுமினால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா?

2006இல் விமானப்படையின் கிபிர் ஜெட் சம்பூர்ப் பக்கம் குண்டு அடித்தபோது கொட்டியாரக் குடா தாண்டி உவர்மலையில் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மாவுக்கு இப்போது 74 வயது. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினாலும் முதலில் அவவின் கண் போவது கட்டிலுக்குக் கீழேதான். பொம்மர், சகடை, கிபிர் என்று சத்தத்தை வைத்தே விமானத்துக்குப் பெயர் சொல்லப் பழகிய சனம் நாங்கள். அந்தச் சத்தத்தை வருடத்துக்கு ஒருநாள் விழாவாகக் கொண்டாடச் சொல்கிறீர்கள். யாருடைய ஞாபகத்துக்காக?

கராஜ்காரன்:
அக்கா சொன்னது மனசு பற்றிய விஷயம். நான் சொல்லப்போவது இரும்பு பற்றியது. 31 வருடமாக டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறேன். திருகோணமலைக் காற்றில் உப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பழைய விமானங்களில் பல பாகங்கள் மக்னீசியம் கலந்த உலோகம். அது உப்புக் காற்றில் பூத்துப் பொருமி மாவாகிப் போகும். யோர்க்கில் பத்துப் பேர் செய்யும் வேலைக்கு இங்கே ஐம்பது பேர் வேண்டும்.

இன்னொன்று, எஞ்சின் ஓடினால் தேயும். தேய்ந்த பாகத்துக்கு எங்கே போவது? நூதனசாலை என்பது உள்ளதை உள்ளபடி வைத்திருக்கும் இடம். ஓடவைப்பதற்காக ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது பழைய விமானமா, பழைய விமானத்தின் பெயர்ப் பலகையா?

சீனன்குடாப் பெடியன்:
அண்ணை, ஓடாமல் வைத்தாலும் சாகும். சீல் எல்லாம் காய்ந்து வெடிக்கும், ஒயில் வடிந்துபோய் உள்சுவர் துருப்பிடிக்கும். பழைய வட்ட வடிவ எஞ்சின்களில் கீழ்ப்பக்கம் தொங்கும் சிலிண்டர்களுக்குள் ஒயில் இறங்கித் தேங்கி நிற்கும். தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டனுக்கு மேலே போக இடமில்லை, பிஸ்டனைத் தள்ளும் கம்பி வளைந்துவிடும். அதனால்தான் முதலில் விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்கிறோம். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறதுதான். ஆனால் கைக்கு எப்போது வரும்? ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்றால்தான். எனக்குப் பழக்கித் தந்த கிழவருக்கு 83 வயது. அவர் காதை வைத்தே பிழை சொல்லுவார். நிறுத்தி வைத்த எஞ்சினிலிருந்து அதை யாரும் பழகவில்லை.

ஸ்பானர் தம்பி:
நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்களுக்குக் காட்டிய எஞ்சின் பாதியாக வெட்டி நிறம் பூசியது. ஒருநாளும் ஓடியதில்லை. இப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக வருவேன்.

கிண்ணியா வாத்தியார்:
வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதலாவது, 1942 தாக்குதல் என்றதும் ஊரில் எல்லாரும் எண்ணெய்க் குதத்தில் மோதிய ஜப்பானிய விமானத்தைத்தான் சொல்வார்கள். குதம் ஏழு நாள் எரிந்த கதையைச் சொல்லும்போது "கமிகாசே" (தற்கொலைத் தாக்குதல்) என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்வார்கள். கமிகாசே என்று தனிப் பிரிவாக அது தொடங்கியது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸில். நம்முடைய குதம் எரிந்தது அதற்கு இரண்டரை வருடம் முந்தி. அதே ஏப்ரல் 9 அன்றுதான் பிரித்தானியரின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. விழா வைத்தால் இதையாவது சரியாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதால் நான் பெடியன் பக்கம்.

இரண்டாவது, உவர்மலை அக்காவின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் வானிலிருந்து அடித்தது வடகிழக்கில் மட்டும் நடந்ததல்ல. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியில் ஜெட் ப்ரொவோஸ்ட் விமானங்கள் தாக்கியது தெற்கின் சிங்களப் பிள்ளைகளை. இரத்மலானையில் விமானப்படையின் நூதனசாலை இருக்கிறது. விமானங்களைப் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். குண்டு எங்கே விழுந்தது, யார் மேல் விழுந்தது என்ற பேச்சையும் ஒரு விமானத்துக்குப் பக்கத்தில் வைக்க முடிந்தால் நல்லது. அது அரசாங்கத்தின் கையால் நடக்காது. தொண்டர்கள் செய்தால் நடக்கலாம்.

உவர்மலை55:
வாத்தியார், "நடக்கலாம்" என்ற சொல்லில் நிறையப் பாரம் ஏற்றுகிறீர்கள். சீனன்குடா ஓடுபாதை விமானப்படையின் வேலிக்குள்ளே இருக்கிறது. அடையாள அட்டை காட்டி உள்ளே போகிற பத்துத் தொண்டர்கள், குண்டு யார் மேல் விழுந்தது என்று பலகை எழுதி நடுவார்களாம். இருந்து பாருங்கள்.

கராஜ்காரன்:
வாத்தியாருக்குப் பதில் அக்கா சொல்லிவிட்டா. பெடியன் என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆபத்து பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே தம்பி? 2015 ஆகஸ்டில் உங்கள் இங்கிலாந்தில் ஷோரம் என்ற இடத்தில் ஒரு பழைய ஹண்டர் ஜெட் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் செத்தார்கள். 2019 ஒக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பி-17 என்ற பழைய குண்டுவீச்சு விமானம் விழுந்து 7 பேர். அதில் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீற்றோவின் பராமரிப்பிலேயே பிழை இருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மக்னீற்றோ பிழை என்ன, எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பம்பிலும் வரும். பம்ப் நின்றால் வயல் காயும், அவ்வளவுதான்.

சீனன்குடாப் பெடியன்:
அண்ணை, நீங்கள் சொன்ன இரண்டும் பறந்த விமானங்கள். நான் பறக்கச் சொல்லவே இல்லை. லிங்கன்ஷயரில் ஈஸ்ட் கேர்க்பி என்ற ஊரில் லங்காஸ்டர் என்ற பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த தங்கள் அண்ணனின் நினைவாக இரண்டு சகோதரர்கள் வாங்கி வைத்தது. நான்கு எஞ்சினும் ஓடும், புல்லில் உருண்டு போகும். ஆனால் ஒரு அங்குலமும் எழும்பாது. சனம் காசு கட்டி அதில் ஏறி இருக்கிறது. நிலத்தில் ஓடவிடுவது வேறு, பறப்பது வேறு.

கராஜ்காரன்:
அப்படியா? 2009 மே மாதம் இங்கிலாந்தின் ப்ரண்டிங்தோர்ப் ஓடுபாதையில் விக்டர் என்ற பழைய குண்டுவீச்சு ஜெட் ஒன்றை "நிலத்தில் மட்டும்" வேகமாக ஓட்டினார்கள். பறக்க அனுமதி இல்லாத விமானம். அது தன்பாட்டில் எழும்பிவிட்டது. ஓட்டினவர் கெட்டிக்காரர், உடனே இறக்கிவிட்டார், ஒருவருக்கும் காயமில்லை. விமானத்துக்குத் தெரியாது தம்பி, அது நூதனசாலைப் பொருள் என்று.

சீனன்குடாப் பெடியன்:
ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதை எங்கள் தேத்தண்ணி மேசையில் மாதம் ஒரு தடவையாவது வரும். ஆனால் அது ஓடுபாதை நீளத்துக்கு வேகமாக ஓட்டியதில் வந்தது. கட்டை வைத்துக் கட்டிப்போட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

கராஜ்காரன்:
கட்டிப்போட்டால் வேறு பிரச்சினை. ஸ்பிட்ஃபயர் மாதிரித் தண்ணீரில் குளிரும் எஞ்சின், நிலத்தில் காற்றோட்டம் இல்லாமல் நின்றால் கொதிக்கும். இங்கிலாந்துக் குளிரிலேயே அதற்குப் பயந்து சட்டென்று ஓடுபாதைக்குப் போவார்கள். நீங்கள் கேட்பது ஏப்ரல் மாதம். சீனன்குடாவில், உச்சி வெயிலில்! சித்திரை வெயிலில் என் லொறியே சர்தாபுரம் தாண்டும்போது ஆவி விடுகிறது.

ஸ்பானர் தம்பி:
காலை ஆறு மணிக்கு ஓடவிடலாம்தானே?

கராஜ்காரன்:
இவன் ஒருத்தன்தான் இங்கே வேலைக்காரன் மாதிரி யோசிக்கிறான்.

சரி, நான் வெறும் எதிர்ப்புக்காரன் இல்லை. ஒரு வழி சொல்கிறேன். விமானம் வேண்டாம். ஒரு எஞ்சின் மட்டும், இரும்புச் சட்டத்தில் பூட்டி, சக்கரம் வைத்த தள்ளுவண்டியில். வெளிநாட்டில் பல இடங்களில் அப்படிக் காட்டுகிறார்கள். ஓடுபாதை தேவையில்லை, விமானப்படையின் வேலிக்குள் போகத் தேவையில்லை, எழும்பிப் பறக்கவும் மாட்டாது. உப்புக் காற்றுக்கு ஒரு நல்ல தார்ப்பாய் போதும். அப்புறம், பழைய கருவிப் பலகை எதையும் தூக்கி வராதீர்கள். இருட்டில் மின்னுகிற அந்த முள்ளில் பூசியது கதிர்வீச்சுள்ள ரேடியம். நிறம் உதிர்ந்து தூசியாகி மூச்சில் போனால் கூடாது. பிள்ளைகள் கை வைக்கிற இடம் இது.

கிண்ணியா வாத்தியார்:
எஞ்சின் மட்டும் என்றால் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவரலாமே. ஆனால் ஒன்று கேட்கிறேன். விமானம் இல்லாத எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று 1942 பற்றி என்ன சொல்வது? அது வெறும் இயந்திரப் பாடமாகிவிடும்.

கராஜ்காரன்:
இயந்திரப் பாடம் என்றால் அவ்வளவு இளக்காரமா வாத்தியார்?

கிண்ணியா வாத்தியார்:
தவறாக எடுக்காதீர்கள் நானா. நிலாவெளி வீதியில் போர் மயானம் இருக்கிறது. எஞ்சினைப் பார்த்த பிள்ளைகளை அதே நாள் அங்கே கூட்டிப்போனால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நான்தான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

உவர்மலை55:
இரண்டு நாளாக இங்கே வரவில்லை. நேற்றிரவு அம்மாவுக்கு இதெல்லாம் வாசித்துக் காட்டினேன். சீ, வேண்டாம் என்று சொல்லுவா என்றுதான் நினைத்தேன்.

அவ முதலில் சொன்னது தன்னுடைய அம்மாவின் கதை. குதம் எரிந்தபோது பாட்டி தம்பலகாமத்துக்கு மாட்டு வண்டியில் போனதாம். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சேலையைத் தூக்கி வண்டியில் போட்டபோது அது கறுத்திருந்ததாம். இதை இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டா: "எத்தினை மணிக்கு எண்டு முதல்நாளே சொல்லுவினமோ?" ஓம், சொல்லுவார்கள் என்றேன். "கிபிர்க்காரன் சொல்லிப்போட்டு வரேல்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டா.

இதை ஆதரவு என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். அவ சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான். உவர்மலையில் அம்மா ஒருத்தி மட்டும் இல்லை. சத்தம் கேட்கும் தூரத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய் முதல்நாள் சொல்லும் ஆள் யார்? தொண்டர் பட்டியலில் எஞ்சின்காரர்கள் பத்துப் பேரைத்தான் காண்கிறேன். கதவு தட்டுகிற ஒருவரும் இல்லை.

சீனன்குடாப் பெடியன்:
அக்கா, யோர்க்கில் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கடிதம் போடுவோம். குதிரை வளர்ப்பவர்களுக்காக. இங்கே அதை மனிதருக்காகச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

நான் செவ்வாய்க்கிழமை பறக்கிறேன். தள்ளுவண்டிக்கு ஏற்ற எஞ்சின் என்ன விலைக்குப் போகும் என்று அங்கே விசாரித்து எழுதுகிறேன். அண்ணை சொன்ன வழியை நான் ஏற்றுக்கொள்ள இன்னும் மனமில்லை. விமானம்தான் என் ஆசை. ஆனால் விசாரிக்கிறேன்.

உவர்மலை55:
விசாரியுங்கள். நான் இப்போதும் எதிர்தான்.

ஸ்பானர் தம்பி:
எஞ்சின் வரும் வரைக்கும் என்ன செய்வது?

கராஜ்காரன்:
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கராஜுக்கு வா. பின்பக்கம் பழைய லிஸ்டர் எஞ்சின் ஒன்று பத்து வருடமாகக் கிடக்கிறது, கழற்றுவோம். முதல் மாதம் ஸ்பானரைத் தொட விடமாட்டேன், சொல்லிவிட்டேன். வயர் பிரஷ் மட்டும்தான்.

சீனன்குடாப் பெடியன்:
ஞாயிறு நானும் வரலாமா அண்ணை? பிரஷ் வேலை எனக்கு நல்லாத் தெரியும்.